முகம் பார்க்காத மேனேஜர்

என் தங்கையின் கல்யாணத்தன்று மண்டபத்தில் மேனேஜர் இல்லை. வாசலில் சந்தனக் கிண்ணம் வைத்த மேசைக்குப் பக்கத்தில் அவருடைய நாற்காலி மட்டும் கிடந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. வந்தவர்களில் பலரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எங்கப்பா, மேனேஜரக் காணும்?" என்பதுதான். கேட்டவர்களில் பாதிப் பேருக்குப் பதில் நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே கேட்டார்கள். சங்கரன்கோவில்காரர்களுக்கு அதில் ஒரு தனி ருசி. "அவுக வீட்டுலயும் இன்னைக்கு விசேஷம்லா" என்று நான் சொல்லுவேன். "ஓ, அப்படியா!" என்று அவர்கள் புருவத்தைத் தூக்குவார்கள். பிறகு என்னைத் தாண்டி மேடையைப் பார்ப்பார்கள், அலங்காரத்தைப் பார்ப்பார்கள், சிரித்துக்கொண்டே உள்ளே போவார்கள். நானும் சிரித்துக்கொண்டே பன்னீர் தெளித்தேன். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அதே முகூர்த்தத்தில், பனவடலிசத்திரத்தில் ஒரு தெருவை மறித்துப் போட்ட பந்தலுக்குள் மேனேஜரின் மகளுக்குத் தாலி ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கல்யாணம் நடந்திருக்க வேண்டியது இந்த மண்டபத்தில். பறித்துக்கொண்டோம் என்று யாரும் எங்களைச் சொல்ல முடியாது. எல்லாம் முறைப்படிதான் நடந்தது. முறையை எழுதியவன் நான். கணினி நிரல் எழுதிப் பிழைக்கிறவன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அந்த மண்டபத்துக்கு ஆன்லைன் முன்பதிவு செய்து கொடுத்ததும் நான்தான்.

மேனேஜர் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். கழுத்துப் பொத்தானையும் போட்ட முழுக்கைச் சட்டை. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. அது அவருக்கு முன்னால் வந்துவிடும், அவர் பின்னால் வருவார். பந்தியில் எந்த வரிசையில் ரசம் போகவில்லை என்று வாசலில் இருந்தபடியே கண்டுபிடித்துவிடுவார். சமையல்காரரிலிருந்து மைக்செட்காரர் வரை அவர் குரலுக்கு ஓடுவார்கள். அந்த மனிதரை நடுங்கவைத்த ஒரே பொருள் அவருடைய கைப்பேசி. ஆடி மாதம் முழுக்க மண்டபம் தூங்கும். ஆவணியில் நல்ல முகூர்த்தங்களுக்கு ஊரே அடித்துக்கொள்ளும். "அந்தத் தேதிய நமக்கு எடுத்து வையும்" என்று கட்சிக்காரர் கூப்பிடுவார், கடை முதலாளி கூப்பிடுவார், சம்பந்தி வீட்டுச் சித்தப்பா கூப்பிடுவார். ஒருவருக்குச் சரி என்றால் மூன்று பேருக்குப் பகையாளி. ஒருநாள் அவர் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது, கைப்பேசியை மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"தம்பி, எனக்கு மூஞ்சி பாக்காத மேனேஜர் ஒருத்தன் வேணும். அவன் யாரு மகன், எந்தக் கட்சின்னு ஒன்னும் பாக்கக் கூடாது. மொதல்ல வந்தவனுக்குக் குடுக்கணும். அவ்வளவுதான். செஞ்சு தர முடியுமா?"

முடியும் என்றேன். இதைவிட லேசான வேலை எது! கம்ப்யூட்டருக்கு முகமே தெரியாது.

இந்த இடத்தில் என் தொழிலைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். இணையதளத்தை நடத்தும் சர்வர் இருக்கிறதே, அது சரியான மறதிக்காரன். ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த நொடியே இன்னொரு பக்கம் கேட்டாலும், "நீ யாரு?" என்று முழிக்கும். அதற்காக, முதல்முறை வருகிறவர் கையில் ஒரு எண்ணைக் கொடுத்து அனுப்புவோம், கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பதுபோல. ஒவ்வொரு முறையும் அவருடைய கைப்பேசி அந்த எண்ணைக் காட்டும். சர்வரும், சரி, பழைய ஆள்தான் என்று தெரிந்துகொள்ளும். அந்த ஆள் வந்து, இருந்து, போகிற வரைக்குமான காலத்தை செஷன் என்போம். வந்தது தெரியும். போனது எப்படித் தெரியும்? அதுதான் சிக்கல். யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. திரைக்கு முன்னால் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா, கைப்பேசியை மூடிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாரா என்று சர்வருக்குத் தெரியாது. கடைசியாக எப்போது ஏதாவது கேட்டார் என்பது மட்டும்தான் தெரியும். அதிலிருந்து இவ்வளவு நேரம் சத்தமில்லை என்றால் ஆள் போய்விட்டார் என்று முடிவு கட்டி, அந்த செஷனைக் கொன்றுவிடும்.

அப்படிக் கொல்லுகிற நேரத்துக்காகவே ஒரு துண்டு நிரலை எழுதி வைக்கலாம். லிசனர் என்று பெயர். காதைத் தீட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். குறிப்பிட்ட ஒன்று நடந்ததும் எழுந்து தன் வேலையைப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துவிடும். ஒருவர் ஒரு தேதியைத் தொட்டால் அது அவர் பெயரில் பிடித்து வைக்கப்படும், மற்றவர்களுக்கு அந்தக் கட்டம் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். அவர் முன்பணம் கட்டினால் உறுதி. கட்டாமல் போய்விட்டால், அவருடைய செஷன் சாகும்போது லிசனர் விழித்து, தேதியை மறுபடி பச்சையாக்கிப் பொதுவில் விட்டுவிடும். எவ்வளவு நேரம் கொடுக்கலாம் என்று மேனேஜரிடம்தான் கேட்டேன். "அரை மணி நேரம். அதுக்கு மேல ஒருத்தன் பிடிச்சு வச்சிருந்தா, அவன் விளையாடுதான்னு அர்த்தம்" என்றார். அரை மணி நேரம் என்று எழுதினேன். ஆவணித் தேதிகளை ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பது என்றும் அவர்தான் முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை மங்களகரமான நாள். அன்றைக்குப் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம் என்பது எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இரண்டையும் சேர்த்து நாங்கள் யோசிக்கவில்லை.

எனக்கு ஒரு வியாதி உண்டு. நன்றாக அமைந்த வேலையைப் பற்றி வீட்டில் பீற்றிக்கொள்ளாமல் இருக்க முடியாது. சாப்பிட உட்கார்ந்தால் லிசனர், எழுந்தால் லிசனர். அம்மா, "அந்த மனுசனுக்கும் ஒரு வாய் சோறு போடுவோமா?" என்று கேலி பண்ணுவாள். அப்பா மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவர் புளியங்குடி சந்தையில் எலுமிச்சை ஏலம் எடுத்தே காலம் கழித்தவர். பக்கத்தில் நிற்பவன் கை எப்போது தளரும் என்று பார்த்து நிற்பதுதான் அவருடைய தொழில். "அப்பம் அரை மணி நேரம் அசையாம இருந்தா தானா விட்டுரும், என்னலே?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். தங்கைக்கு அப்போது நிச்சயம் முடிந்திருந்தது. அவருக்கு ஆவணியின் முதல் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் வேண்டும். வேறு தேதியைப் பற்றிப் பேச்செடுத்தாலே காதில் வாங்க மாட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சென்னைக்காரர்களோடு மீட்டிங்கில் இருந்தேன். அப்பா பக்கத்து அறையில் தங்கையின் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்குத் திறந்ததும் அந்த ஞாயிற்றுக்கிழமையை யாரோ முந்திக்கொண்டார்கள். ஆரஞ்சு. அப்பா எழுந்திருக்கவில்லை. பத்தரை ஆனது, கட்டம் இன்னும் ஆரஞ்சாகவே இருந்தது. பிடித்தவன் ஏன் இன்னும் பணம் கட்டவில்லை என்று அவர் யோசித்திருக்கிறார். சுவரில் நாள்காட்டி. அவருக்குப் புரிந்துவிட்டது. பிடித்தவன் ராகு காலம் கழியட்டும் என்று இருக்கிறான்! பன்னிரண்டு வரை கட்ட மாட்டான். ஆனால் லிசனர் பன்னிரண்டு வரை பொறுக்காது.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், ராகு காலத்தில் உப்பு வாங்கக்கூடக் கடைக்குப் போகாதவர். எனக்கு வேலைக்கான உத்தரவு வந்தபோது அந்தக் கவரை ஒன்றரை மணி நேரம் பூஜை அலமாரியில் வைத்துவிட்டுப் பிறகுதான் பிரிக்கவிட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர், பதினோரு மணிக்கு ஆரஞ்சு பச்சையான அந்த நொடியில், பட்டப்பகல் ராகு காலத்தில், ஒரே அமுக்காக அமுக்கிப் பணத்தையும் கட்டிவிட்டார். "ஏலே, கெடச்சிட்டுலே!" என்று அவர் போட்ட சத்தம் ஹெட்போனைத் தாண்டிக் கேட்டது.

நானும் துள்ளிக் குதித்தேன். அதை மறைக்க மாட்டேன். என் நிரல் வேலை செய்துவிட்டது, எங்களுக்கே செய்துவிட்டது. அம்மா மட்டும் அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

"ராகு காலத்துலயா கை வச்சிய?"

"நான் எங்க வச்சேன்? கம்ப்யூட்டர் குடுத்துச்சு, வாங்கிக்கிட்டேன்" என்றார் அப்பா.

இந்தப் பதிலை நினைத்து நாங்கள் சாயங்காலம் வரை சிரித்தோம். சாயங்காலம் மேனேஜர் அண்ணாச்சி வந்தார். மண்டபம் உறுதியான வீட்டுக்கு அன்றைக்கே நேரில் போய் ரசீதைக் கொடுத்து, சமையல் யார், எத்தனை பந்தி என்று விசாரித்து வருவது அவருடைய வழக்கம். அதை அவர் முகம் பார்க்காத மேனேஜரிடம் விடவில்லை. வெற்றிலை பாக்கோடு ரசீதை வைத்து அப்பாவிடம் நீட்டினார். டீ குடித்தார். தங்கையைக் கூப்பிட்டு, "நல்லா இரும்மா" என்றார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது அம்மா சும்மா இருக்காமல், "ஒங்க மகளுக்கும் ஆவணியிலதானே அண்ணாச்சி? எந்தத் தேதி எடுத்திருக்கிய?" என்று கேட்டாள்.

அவர் சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டார். "அந்த ஞாயித்துக்கிழமையத்தான் மதினி பிடிச்சு வச்சிருந்தோம். மாப்ள வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டுப் பணத்தக் கட்டலாம்னு பாத்தா, சம்பந்திக்கு வயக்காட்டுல லைன் கெடைக்கல. அவரு பேசி, நாங்க பணம் கட்டுத பக்கத்தத் தொறக்குததுக்குள்ள பத்தரை ஆயிப்போச்சு. பொறவு எப்படிக் கட்டுதது? அந்தப் பக்கத்தத் தொறந்தேதான் வச்சிருந்தோம். பன்னெண்டு மணிக்குப் பாத்தா, போயிருச்சு."

முகத்தில் வருத்தம் காட்டாமல் இருக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே! அவ்வளவு பெரிய மண்டபத்தின் சாவியை இடுப்பில் வைத்திருக்கும் மனிதர், தன் மகளுக்காக ஒரு பெயரைக் கையால் எழுதி வைத்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படிச் செய்யாமல், எல்லாரையும் போல வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் பதிந்திருக்கிறார்.

"அண்ணாச்சி, நான் வேணும்னா உள்ள போய் மாத்திருதேன்" என்றேன். அப்பா அப்போது டீத் தம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அப்படிச் சொல்லாதிய தம்பி. எனக்கு மாத்துனா நாளைக்கு ஊரே வாசல்ல வந்து நிக்கும். பொறவு எதுக்கு நமக்கு இது?" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவர் போன பிறகு என் தங்கைதான் ஆரம்பித்தாள். மேனேஜருடைய மருமகன் பட்டாளத்துக்காரர். லீவு ஆவணி நடுவிலேயே முடிந்துவிடும். அதற்குள் இருந்தது அந்த ஒரே முகூர்த்தம். ஊரில் வேறு மண்டபமும் அன்றைக்குக் கிடைக்காது. எங்களுக்கோ அதே மண்டபத்தில் ஆவணிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை பச்சையாகவே கிடந்தது. "குடுத்துருங்கப்பா. நாம வியாழக்கிழம வச்சுக்கிடுவோம்" என்றாள். அப்பா, "வேல நாளுல கூட்டம் வராது. மாப்ள வீட்டுக்கும் சொல்லியாச்சு" என்றார். இவ்வளவுதான் காரணம். கூட்டம் வராது! அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவங்க போன வச்சிட்டு வேற சோலிக்குப் போயிருப்பாங்க. விட்டது அவங்கதான. நாம பிடிச்சோம்" என்றேன். அப்பா மறுத்தபோது என் நெஞ்சின் ஒரு மூலை அப்பாடா என்று மூச்சுவிட்டது எனக்குத் தெரியும். எனக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டியிருந்தது. என் சென்னை நண்பர்கள் வேறு என்றைக்கு வருவார்கள்?

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை நடத்துவது பெண் வீட்டாருக்கு ஒரு கௌரவம். இடம் கிடைக்காமல் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல் போடச் சொல்வது என்றால், பெண்ணைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற மாதிரி. அதற்கு மேனேஜர் ஒப்புக்கொண்டார் என்று கேள்விப்பட்டபோது நான் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். ஊர் சும்மா இருக்குமா? புரோகிராம் எழுதினவன் தன் வீட்டுக்கே மண்டபத்தை எழுதிக்கொண்டான் என்று பேச்சு கிளம்பியது. டீக்கடையில் ஒருவர் என் காதுபடவே சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். செஷன் என்றால் என்ன, லிசனர் எப்படி விழிக்கும் என்று நடுத்தெருவில் வகுப்பெடுக்கத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து மேனேஜர் அண்ணாச்சி அங்கே வந்துவிட்டார்.

"அந்தத் தம்பிய ஒன்னும் சொல்லாதேயும். அரை மணி நேரம்னு சொன்னது நான். நான் போட்ட வேலியில நானே சிக்கிக்கிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கிடைத்தது நற்சான்று. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

இப்போதும் அந்தத் தளம் அப்படியேதான் ஓடுகிறது. நேரத்தைக் கூட்டி வைப்போம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "எம் மகளுக்காக மாத்துன மாதிரி ஆயிரும் தம்பி" என்று தட்டிக் கழித்துவிட்டார். வெள்ளிக்கிழமையை மட்டும் புதன்கிழமை ஆக்கிக்கொண்டோம். மண்டபத்தைக் கடக்கும்போது அவர் வாசலில் இருந்தால் கை காட்டுவார். நானும் காட்டுவேன். வண்டியை நிறுத்துவதில்லை.

கல்யாணத்தன்று, தங்கை கழுத்தில் தாலி ஏறியதும் நான் பன்னீர்ச் செம்பை யாரிடமோ கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். "எங்கலே போற? பந்தி பாக்க ஆளில்ல" என்று அப்பா கத்தினார். "இந்தா வாரேன்" என்றேன். ஏன் போனேன் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஒழுங்கான பதில் இல்லை. அங்கே போய் ஒரு அன்பளிப்பைக் கொடுத்து, ஒரு கும்பிடு போட்டு வந்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருக்கலாம். திருநெல்வேலி ரோட்டில் வண்டியை விரட்டினேன். ஆவணிக் காற்று முகத்தில் மண்ணை அள்ளி வீசிற்று.

பனவடலிசத்திரத்தில் பந்தல் அந்தக் காற்றில் தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது. போட்ட இலைகள் பறந்தன. ஆட்கள் ஒரு கையால் இலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டார்கள். மேனேஜர் அண்ணாச்சி பந்திக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து இல்லை. மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவரிடம், "கோவிச்சுக்கிடாம அந்த வரிசைக்கு இன்னொரு வாளி சாம்பார் சொல்லுதியளா?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. ஒரு குரலுக்குப் பத்துப் பேர் ஓடிவந்து பழகிய மனிதர் அவர். அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க தம்பி, வாங்க! தாலி கட்டியாச்சா? நல்லபடியா ஆச்சா?" என்று கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போய் விட்டுவிட்டு, மறுபடி பந்திக்கு ஓடினார்.

மேடை என்பது நாலைந்து பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு விரிப்பு விரித்தது. மாப்பிள்ளை யாரோ நண்பர்களோடு கீழே இறங்கியிருந்தார். பெண்ணுக்குப் பக்கத்தில் அவளுடைய மாமியார். நான் உறையை நீட்டினேன். பெண் அதை வாங்கிக்கொள்ளாமல் என் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணும். போன் வெளக்கு அணைஞ்சா தேதி போயிரும்னு அப்பா என்னைய உக்கார வச்சாக. நான் போனத் தொட்டுக்கிட்டேதான் இருந்தேன். மேல தள்ளுவேன், கீழ தள்ளுவேன். சாப்பிடக்கூட எந்திரிக்கல. பன்னெண்டு மணி வரைக்கும் ஒரு நிமிசம் அணைய விடல அண்ணே. அது எப்படிப் போச்சு?"

அவள் விரல் பட்டதெல்லாம் அந்தக் கைப்பேசியின் கண்ணாடியோடு நின்றுவிட்டது. அதில் ஒன்றுகூட சர்வர் வரைக்கும் போகாது. புதிதாக ஒரு பக்கம் கேட்டால்தான் அதற்குக் காது கேட்கும். இந்தப் பெண் ராகு காலம் முழுவதும் தன் கல்யாணத் தேதியைக் கையில் பிடித்துக்கொண்டு கண் இமைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். பாதியிலேயே அது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவள் ஒரு மணி நேரம் வெறும் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். விட்டது அவங்கதான என்று நான் தங்கையிடம் சொன்னதை நினைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது.

"தொட்டுக்கிட்டே இருந்தாளாம்! போன வச்சுக்கிட்டு வேற என்னத்தையாவது பாத்துக்கிட்டு இருந்திருப்பா" என்றார் மாமியார். "தன் கல்யாண மண்டபத்தையே விட்டவ, நாளைக்கு எங்க வீட்ட என்ன பாக்கப் போறாளோ? வாரவுக போறவுககிட்டெல்லாம் பதில் சொல்லுதது நாங்கள்லா."

"இல்லம்மா, அவங்க விடல" என்றேன். "அவங்க தொட்டது அந்தப் பக்கம் கேக்காது. நான் எழுதுன புரோகிராம் அப்படி. அவங்க மேல தப்பே கிடையாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அவுக ஊர்க்காரரு. விட்டுக்குடுத்துப் பேசுவியளா?"

"சத்தியமாத்தான் சொல்லுதேன்."

"சரி, இவ விடல. அப்பம் மண்டபம் எங்க போச்சு? காத்துலயா போச்சு? அங்கன இன்னைக்கு யாரு வீட்டுக் கல்யாணம் நடக்கு?"

"அத்தே, விடுங்க" என்று அந்தப் பெண் அவசரமாக அவர் கையைப் பிடித்தாள். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எனக்காகத்தான் பிடித்தாள். என் நெற்றியில் மண்டபத்துச் சந்தனம் காய்ந்து இழுத்தது. இடுப்பில் புதுப் பட்டு வேட்டி. பந்தலுக்குள் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

"எங்க வீட்டுக் கல்யாணம்தான்மா" என்றேன். "எந் தங்கச்சிக்கு. இவுக கையில இருந்து போனது எங்க கையிலதான் வந்துச்சு. யாருதுன்னு அன்னைக்குச் சாயந்திரமே தெரியும். திருப்பிக் குடுத்திருக்கலாம். நாங்க குடுக்கல."

மாமியார் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் என்னை விட்டுவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார். அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏட்டி, நெசமாவே விடாமத்தான் இருந்தியா? இத இம்புட்டு நாளும் நான் நம்பலையே" என்றார். அந்தப் பெண் அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதாள்.

நான் மேடையிலிருந்து இறங்கி வண்டியை நோக்கி நடந்தேன். பாதியில் மேனேஜர் அண்ணாச்சி மறித்துக்கொண்டார். மேடையில் பேசியது அவருக்குக் கேட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "சாப்பிடாம எங்க போறிய?" என்று தோளைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தார். இலை போட்டார்கள், காற்று அதைத் தூக்கியது. அவர் எனக்கு எதிரே குனிந்து இலையின் ஓரத்தைத் தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிடுங்க தம்பி. அங்கன வேலையில ஒரு வாய் சாப்பிட்டிருக்க மாட்டிய."

ரசம் வந்தது, மோர் வந்தது. நான் எழுந்திருக்கும் வரை அந்தக் கை இலையை விட்டு நகரவில்லை. அந்தக் கையைத் தவிர வேறு எதையும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.